வெள்ளிக்கிழமை வரை கெடு

முதலில் வந்தது சத்தம்தான். பள்ளி அலுவலக வராண்டாவில் பாசிமணியோடு பாசிமணி உரசும் சடசடப்பு. அதற்குப் பிறகுதான் ஜொனே உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா லடோரா, கோழி இறைச்சி ஆலை வேலை முடிந்த கையோடு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

பெண்ணின் தலை நிறையப் பின்னல். ஒவ்வொரு நுனியிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பாசி. பள்ளிக்கூடத்தின் நிறம். ஞாயிறுதோறும் லடோரா உட்கார்ந்து கோத்துவிடுவது.

துணைத் தலைமையாசிரியை மிசஸ் டோசியர் நிமிர்ந்தார். அந்த டெக்சாஸ் பள்ளியில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்மணி.

"உக்காருங்க சிஸ்டர்."

"சர்ச்சுலதான் நான் சிஸ்டர். இங்க நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காருறேன்."

"புவியியல் வாத்தியார் புகார் சொல்லியிருக்கார். இவ தலையைத் திருப்பினா சத்தம் வருதாம். பாடம் நடத்த முடியலையாம்."

"திருப்பாம இருக்க அவ என்ன சிலையா?"

"விதி இருக்கு. சத்தம் போடுற எதையும் மாட்டிக்கிட்டு வகுப்புக்கு வரக்கூடாது. மீறினா மூணு நாள் வீட்டுல இருக்கணும்."

ஜொனே முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "வெள்ளிக்கிழமை பழைய மாணவர் விழாவுல நான் பேண்டுல டிரம் அடிக்கணும், மேம். வீட்டுக்கு அனுப்பிட்டா மைதானத்துக்குள்ளயே விட மாட்டாங்க."

"தெரியும்."

லடோரா வெளியே கையைக் காட்டினாள். "அந்த பெஞ்சைப் பாருங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்க பாதிக்கு மேல படிக்கிற பள்ளிக்கூடம் இது. தண்டனைக்குக் காத்துக்கிடக்கிறது மட்டும் எல்லாம் நம்ம நிறம். உங்களுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல நாற்காலி மறைக்குதா?"

மிசஸ் டோசியரின் பார்வை வெளியே போனது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அலுவலகப் பெண், தன் மகளின் விழா அலங்காரத்துக்காக ரிப்பனில் எதையோ கோத்துக்கொண்டிருந்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு. அன்னிக்குக் காலையில இருந்து விதியைக் கண்டிப்பா நடத்துவேன்."

"விழா அன்னிக்கேவா? வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள் லடோரா. சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது.

தலைமையாசிரியர் க்ரைடருக்கு ஏக திருப்தி. "உங்க ஆளுங்கன்னுகூடப் பார்க்காம கண்டிப்பா இருக்கீங்க பாருங்க, அதான் எனக்குப் பிடிச்சது."

"நீங்களே மைக்குல சொல்லிட்டா இன்னும் கனமா இருக்கும் சார்."

சொன்னார். "சத்தம் எழுப்பும் எந்த அலங்காரமும் வெள்ளிக்கிழமை முதல் கூடாது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை." மொத்த வகுப்பும் ஜொனேயைத் திரும்பிப் பார்த்தது.

வியாழன் மாலை சமையலறையில் உட்கார்ந்து லடோரா ஒவ்வொரு பாசியாக உருவினாள். ஜொனே அவற்றை ஒரு பையில் போட்டுக் கட்டித் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

"அழாதடி. டிரம் சத்தத்தை எவளாலயும் கழட்ட முடியாது."

மறுநாள் காலை காரைப் பள்ளி வாசலில் நிறுத்தும்போதே காது அடைத்தது.

விழா நாளில் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் துணியில் செய்த பெரிய சாமந்தியை மார்பில் குத்திக்கொண்டு வருவார்கள். முழங்கால் வரை ரிப்பன் தொங்கும். ரிப்பன் முழுக்கச் சலங்கை. வசதியான வீட்டுப் பெண் என்றால் மாட்டுக்குக் கட்டுகிற மணியே தொங்கும். தெருவே கிலுகிலுத்துக்கொண்டு வந்தது.

வாசலில் மிசஸ் டோசியர் நின்றிருந்தார்.

"நில்லும்மா. சத்தம் வருது. பெஞ்சுல போய் உக்காரு."

அடுத்தவளுக்கும் அதே. அதற்கடுத்தவளுக்கும். பெஞ்சு நிறைந்து, வராண்டா நிறைந்து, படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். அந்த பெஞ்சு அத்தனை வெள்ளை முகங்களை அதுவரை பார்த்ததில்லை. கடைசியாகக் கிலுகிலுத்து வந்தது தலைமையாசிரியரின் மகள் பெய்ஸ்லி.

க்ரைடர் ஓடிவந்தார். "என்ன இது டோசியர்? இது நம்ம ஊர்ப் பாரம்பரியம்."

"சத்தம் வருது சார்."

"பிள்ளைங்க ஆசையாப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. பாவம், அவங்க அம்மாங்க ராத்திரி பகலா உக்காந்து கோத்தது."

"அந்த அம்மாவும் உக்காந்து கோத்ததுதான் சார்." லடோராவின் பக்கம் கை நீண்டது. "எல்லாருக்கும் மூணு நாள். பெய்ஸ்லியில இருந்து ஆரம்பிக்கட்டுமா?"

மகளை இறக்கிவிட வந்த அம்மாக்கள் ஒவ்வொருவராகக் காரை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். க்ரைடர் அவர்களைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். உள்ளே போனார்.

மைக் கரகரத்தது. "அந்த விதி இந்த நிமிஷத்திலிருந்து கிடையாது."

"யாருக்கும், எந்த நாளும்னு சேர்த்துச் சொல்லுங்க சார்." கூடவே போய்ப் பக்கத்தில் நின்ற மிசஸ் டோசியரின் குரலும் மைக்கில் வந்தது.

"யாருக்கும். எந்த நாளும்."

வராண்டாவில் அத்தனை சலங்கையும் ஒரேயடியாகக் குலுங்கியது. பெஞ்சே காலியானது.

மிசஸ் டோசியர் வெளியே வந்து நேராக லடோராவின் காருக்கு நடந்தார். ஜொனேயின் வெறும் பின்னல்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன சிஸ்டர் இது? வெள்ளிக்கிழமை வரைக்கும்னு நான் எதுக்குக் கெடு குடுத்தேன்? அதுக்குள்ள கழட்டச் சொன்னது யாரு?"

லடோரா காரை விட்டு இறங்கினாள்.

ஜொனே பையை நீட்டினாள். லடோரா பள்ளிப் படியிலேயே உட்கார்ந்து, மகளை முழங்காலுக்கு நடுவே இழுத்து உட்காரவைத்து, முதல் பாசியைக் கோத்தாள்.