கழுவும் மேசை

பெர்லினில் வயதுவந்தவர்கள் கூடிக் களிக்கும் விருந்துகளில், அந்தரங்கப் பொம்மைகளைக் கழுவித் தரும் மேசை ஹெய்கேயின் பொறுப்பு.

“ஒரு தடவை விட்டுடேன், தாயே!” என்று விருந்தாளிகள் கெஞ்சுவார்கள்.

“ஆள் மாறினா உறையையும் மாத்து. இல்லேன்னா கிளம்பு!”

ஒன்பது ஆண்டுகளில் அங்கே எவருக்கும் நோய் தொற்றியதில்லை.

ஹெய்கேயின் வலது கண் மங்கியது. மருத்துவரிடம் போய், தன் வேலையைப் பற்றியும் சொன்னாள்.

“உடலுறவுல தொத்துற மேகநோய் கண்ணுக்குப் பரவியிருக்கு. மருந்துல நோய் போயிடும், பார்வை திரும்பாது. விருந்துல யார்கூட இருந்தீங்க?”

“அங்கே கழுவுறதோட சரி, டாக்டர். பத்தொன்பது வருஷமா என் புருஷன் ஒருத்தர்தான்.”

அவள் வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த கணவன் டெட்லெஃப் எழுந்தான். “அந்த இடத்துக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்ப மேகநோயோட வந்து நிக்கிறே!”

என்ன நோய் என்று அவனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.