இடது பக்கக் கதவு

மறுநாள், தங்கை லவினா இறந்ததற்கு முப்பதாம் நாள் பூசை. நினைவு அட்டைகளை பிரஸ்ஸிலிருந்து வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஜே.சி. ரோடு வழியாக வந்துகொண்டிருந்த பவுலின், "நிறுத்துப்பா, நிறுத்து" என்றாள்.

ஆட்டோ ஓரம் கட்டுவதற்குள் பாதி இறங்கியே விட்டாள்.

கார் சாமான் கடை வாசலில் நிற்பது லவினாவின் புருஷன் கிளிஃபர்டின் வண்டிதான். பின் கண்ணாடியில் மாதா ஸ்டிக்கர். ஒட்டினதே பவுலின்தான், தெரியாதா?

கதவெல்லாம் திறந்து கிடந்தது. முன் ஸீட்டைக் கழற்றி நடைபாதையில் வைத்திருந்தார்கள். தரை விரிப்பைச் சுருட்டிவிட்டு, பேட்டரியிலிருந்து தடியாக ஒரு சிவப்பு ஒயரை உள்ளே இழுத்திருந்தார்கள்.

"என்னப்பா நடக்குது இங்கே?"

வண்டிக்குள் குனிந்திருந்த மெக்கானிக் மஞ்சுநாத் நிமிர்ந்தார். "மியூசிக் சிஸ்டம் மேடம். ஸ்வல்ப தள்ளி நில்லுங்க, ஒயரை மிதிக்கிறீங்க."

பவுலினுக்குக் காதை அடைத்தது. இங்கே இவள் டிவியைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுக் கல்யாண மேளம் காதில் விழக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டினவனுக்கு மியூசிக் சிஸ்டம்.

எதிர்க் கடையிலிருந்து டீ டம்ளரோடு வந்த கிளிஃபர்ட் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அக்கா..."

"மண்ணு இன்னும் காயலை கிளிஃபர்ட். அதுக்குள்ள உனக்குப் பாட்டு கேக்குதா?"

இத்தனை வருஷமாகத் தங்கை புருஷனை 'நீங்க' என்றே கூப்பிட்ட வாய். நடு ரோட்டில் 'உனக்கு' என்று இறங்கிவிட்டது. அவன் டம்ளரைப் பார்த்தான்.

"வாயில என்ன இருக்கு? சொல்லேன்."

சொல்லவில்லை. மஞ்சுநாத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"லேட்டாகுதுன்னு சாரைத் திட்டாதீங்க மேடம். பேட்டரி ஒயர் ஒரு பக்கம், சவுண்ட் ஒயர் ஒரு பக்கம் ஓட்டணும். ரெண்டும் ஒட்டிப் போனா இரைச்சல் வரும்."

"வரட்டும். எங்க குடும்பத்துல இனிமே இரைச்சல்தான்."

"வேலையே கம்மிதான் மேடம். நாலு கதவுலயும் போட்டாத்தான் எஃபெக்ட்டுன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். சார் கேக்கலை. முன்னாடி, இடது பக்கக் கதவுல மட்டும் போதுமாம்."

பவுலின் மெதுவாகத் திரும்பினாள்.

"ஓட்டுறவன் பக்கம் வேணாம். பக்கத்துல உக்கார்றவ பக்கம் மட்டும் வேணும். அப்படித்தானே?"

"அக்கா, அப்படியெல்லாம்..."

"அது என் தங்கச்சி உக்காந்த எடம். யாருய்யா வரப் போறா அங்கே?"

"யாரும் வரப் போறதில்லைக்கா."

"அப்போ காத்துக்குப் பாட்டு போடறியா? ஆஸ்பத்திரியில அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நீ அழுததைப் பார்த்து நர்ஸுங்கல்லாம் அழுதாங்க. என்ன நடிப்பு."

கடையில் ஹெட்லைட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். பவுலின் அதற்கெல்லாம் அசருகிற ஆளா?

"நல்லா கேட்டுக்கோ. நாளைக்குப் பூசைக்கு நீ முன் பெஞ்சுல உக்காரக் கூடாது. கல்லறைக்கும் எங்களோட வரக் கூடாது. ஏன்னு ஜனங்க கேட்டா, இந்த ஒயர் கதையையெல்லாம் நானே சொல்றேன்."

கிளிஃபர்ட் டம்ளரை நடைபாதையில் வைத்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

"சார், கனெக்‌ஷன் குடுத்தாச்சு" என்றார் மஞ்சுநாத். "ஸீட்டைப் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை கேட்டுடலாம். போனைக் குடுங்க."

"இப்ப வேணாம். அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஏன், நான் இருக்கிறதாலயா?" என்றாள் பவுலின். "குடு. நீ என்ன கருமத்தைக் கேக்கப் போறேன்னு நானும் கேட்டுட்டுப் போறேன்."

கிளிஃபர்டின் சட்டைப் பையிலிருந்து போனை அவளே எடுத்து மஞ்சுநாத்திடம் நீட்டினாள்.

மஞ்சுநாத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுல பாட்டே இல்லையே சார். எல்லாம் வாய்ஸ் மெசேஜா இருக்கு. சரி, ஏதோ ஒண்ணு."

"அது வேணாங்க" என்று கிளிஃபர்ட் கை நீட்டுவதற்குள் அவர் விரல் பட்டுவிட்டது.

கதவில் கொஞ்சம் கரகரத்தது. பிறகு, பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக, லவினா பேசினாள்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா? சில்க் போர்டு சிக்னல்ல ஜாமாம், அந்தப் பக்கம் போகாதீங்க. பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க, எத்தனை தடவை சொல்றது?"

பவுலினின் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கைக்கு அடியில் அந்தக் குரல் அதிர்ந்தது.

"அப்படியே பவுலினக்காவையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஏறினதுமே கத்துவா. எது சொன்னாலும் நீங்க பதிலே பேசக் கூடாது, எனக்காக. அவ கெட்டவ இல்லைங்க. அழ வேண்டிய நேரத்துல அவளுக்குக் கத்தத்தான் வரும்."