ஸ்டெல்லாவின் இடது கன்னம்

ஸ்டெல்லாவுக்குப் புதன்கிழமை கல்யாணம். முத்தியால்பேட்டை வீட்டில் பகலெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து முகம் கறுத்துவிட்டது. திரையின் நீல ஒளிதான் காரணம் என்று பார்லர்காரி ஒரு கிரீம் கொடுத்தாள். பூசியும் கறுத்தது. இடது கன்னத்தில் மட்டும், யாரோ குறுக்கே கை வைத்து மறைத்ததுபோல, ஒரு கைத்தடம் வெளுப்பாக நின்றது.

“யாருடி அறைஞ்சது?” என்றாள் அக்கா பிலோமினா.

“அறைஞ்சா செவக்கும்க்கா. இது வெளுத்திருக்கு.”

அக்கா எண்ணிப் பார்த்தாள். ஆறு விரல்கள்.

“இன்னொரு பக்கம் கறுப்பாவே இருந்தா ஃபோட்டோல எப்புடிடி நிப்ப?”

மறுநாள் காலை ஸ்டெல்லா கிரீமைத் தொடவில்லை. அந்தக் கை இதையும் மறைக்கட்டும் என்று வலது கன்னத்தைத் திரைக்குக் காட்டி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, ஈரமணலாய்க் குளிர்ந்த ஆறு விரல் கை ஒன்று வந்தது. அது கன்னத்துக்குப் போகவில்லை. அவள் கண்கள் இரண்டையும் மெல்லப் பொத்தியது.