அடிச்சுற்று

“எட்டு இழையா, நாலு இழையா? சட்டுனு சொல்லு தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல போட்டி.”

கிரேன் டிரைவர் நூல் சுற்றாத இரண்டு தூண்டில் ரீல்களைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

தூண்டில் கடைக்காரி நிமிர்ந்தாள். “எங்கேருந்து வீசப் போறீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“துறைமுகக் கல் சுவர்லேருந்து.”

“அப்போ நாலு இழைதான். எட்டு இழைப் பின்னல் வழுவழுன்னு தூரமாப் போகும், இல்லேங்கல. ஆனா பாறையில நல்லா ஒரு உரசு உரசினா பிரிஞ்சு நிக்கும். நாலு இழை கரகரன்னு சத்தம் போடும், எங்க மாமியார் மாதிரி. ஆனா கைவிடாது.”

“உங்க மாமியாரை எனக்குத் தெரியும். அதையே குடு. கொஞ்சம் தடிமனா?”

“வேணாம்ணே. இந்த ரீல்ல தடி நூலைப் போட்டா தூரம் போகாது. இது மெல்லிசுதான், பத்து கிலோ தாங்கும்.”

“அங்க பத்து கிலோவுக்கு மீனே கிடையாது.”

“இருக்கும்னு நம்பித்தானே எல்லாரும் என் கடைக்கு வர்றாங்க.”

போட்டி விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். கிரேன் டிரைவரின் மகளைப் பெண் கேட்டு ஒரு பல் டாக்டர் வந்திருந்தான். இரண்டு வீட்டுச் சொந்தமும் கூடத்தில் நிறைந்திருக்க, “என்னைத் தூண்டில்ல ஜெயிச்சுட்டு வந்து பொண்ணு கேளு” என்று இவர் மீசையை முறுக்கிவிட்டார். அவனும் சரி என்றுவிட்டான். பெரிய மீன் அவனுக்கு விழுந்தால் கல்யாணம். இவருக்கு விழுந்தால் இல்லை.

“ஒரே மாதிரி ரீல், ஒரே மாதிரி நூல். இது என் பொண்ணு போட்ட கண்டிஷன். அதான் ரெண்டையும் நானே வாங்கிட்டேன்.”

“நியாயம்தான்.” அவள் நைலான் நரம்பை எடுத்தாள். “அடியில இதைக் கொஞ்சம் சுத்திடறேன். இது உருளையைக் கவ்விப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல பின்னல் நூல்.”

“கறுப்புக்கு அப்படிச் செய். வெள்ளைக்கு நைலான் வேணாம். பின்னல் நூலை நேரா சுத்திடு.”

அவள் கை நின்றது.

“வழுக்குமே அண்ணே! பெரிய மீன் இழுத்தா மொத்த நூலும் உருளைமேல சும்மா சுத்தும். கைப்பிடியைச் சுத்துறவன் சுத்திக்கிட்டே நிக்க வேண்டியதுதான். மீன் டாட்டா காட்டிட்டுப் போயிடும்.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். மேலாக்கப் பார்த்தா ரெண்டும் ஒன்னுபோல இருக்கணும்.”

“இது அக்கிரமம்ணே.”

“உனக்கு வியாபாரம்.”

“அந்த டாக்டர் தம்பி போன வாரம் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து முடிச்சுப் போடக் கத்துக்கிட்டுப் போச்சு. விரலெல்லாம் கொக்கி குத்தி ரத்தம். ‘பல்லுப் புடுங்குறது இதைவிட சுலபம்க்கா’ன்னுச்சு. பாவம்ணே.”

“பாவம் பார்த்தா கடை நடத்த முடியாது. சொன்னதைச் செய். வெளியில மூச்சு விடக் கூடாது.”

அவர் போன் அடித்தது. மகள். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். குரல் மட்டும் கடைக்குள்ளேயே நின்றது.

“யாரு, நானா? உங்கப்பன் தூண்டில்ல தோத்து யாராவது பார்த்திருக்காங்களா? அவனை வயித்துக்கு ஏதாவது போட்டுட்டு வரச் சொல்லு. அழறதுக்குத் தெம்பு வேணும்ல!”

கடைக்காரி பல்லைக் கடித்தாள். வெள்ளை ரீலைத் தன் பக்கம் இழுத்தாள். அதன் அடியில் நைலானை இறுக்கமாகச் சுற்றி, முடிச்சிட்டு, ஈரத்துணியால் பிடித்தபடி பின்னல் நூலை ஏற்றினாள். பிறகு கறுப்பு ரீல். நைலான் இல்லை. வெறும் உருளையில் நேரடியாகப் பின்னல் நூல். இரண்டிலும் நூலை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாள். பெற்ற அம்மா வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஆளைப் பார்த்து அநியாயம் செய்தால் இப்படித்தான் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்து இரண்டு ரீல்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“வெள்ளையில நைலான் இல்லையே?”

“நான் சுத்தினா சுத்தினதுதான்ணே. தைரியமாப் போங்க.”

பையில் போட்டுக்கொண்டு போனவர், ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

“தங்கச்சி, கொலைகாரனைப் பார்க்குற மாதிரி பார்க்காதே. அவங்க அம்மா போனதுக்கப்புறம் என் பொண்ணு வாய்விட்டுச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அந்தப் பையன் வந்தா சிரிக்கிறா. அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு டி.வி. சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேட்கிறேன்.”

“அப்புறம் எதுக்குண்ணே இந்த வேலை?”

“எல்லார் முன்னாடியும் வாயை விட்டுட்டேனே! எப்படி வாபஸ் வாங்குறது? வேணும்னே மீனை விட்டா என் சொந்தக்காரன் ஒருத்தன்கூட நம்ப மாட்டான், என் கைராசி அப்படி.” ஸ்கூட்டரைக் கிளப்பினார். “அதான் கறுப்பு மாப்பிள்ளைக்கு, வெள்ளை எனக்கு.”

“அண்ணே, வண்டியை எடுக்காதீங்க!” என்று அலறியபடி கடைக்காரி மேஜையைத் தாண்டித் தெருவில் குதித்தாள்.