நிறைந்த கோப்பை

"கோப்பையை விளிம்பு வரைக்கும் நிறைச்சுட்டானே! எழுந்திரு நிகோரா, போகலாம்."

நார்மத் பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தே விட்டார். மாஸ்கோவின் அந்த உஸ்பெக் உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிகோராவைப் பெண் கேட்டு வந்திருந்த ஷெர்சோத், கையில் தேநீர்க் கெண்டியோடு விழித்தான். "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"அட மண்டு!" அவன் அம்மா முனவ்வர் தலையில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சமா ஊத்தினா 'இருங்க, மறுபடி ஊத்தறேன்'னு மரியாதை. நிறைச்சு ஊத்தினா 'குடிச்சுட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம்டா." பெரியவரிடம் திரும்பினாள். "மன்னிச்சுடுங்க ஐயா. இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். ரஷ்யக்காரங்க வீட்டுல நிறைச்சுத்தான் கொடுப்பாங்க."

"அப்ப ரஷ்யக்காரங்க வீட்டுலயே போய்ப் பொண்ணு கேட்கட்டும்."

மேசை நடுவே இரண்டு வட்ட ரொட்டிகள், பூப்போட்ட முகம் மேலே பார்க்க, இன்னும் பிட்கப்படாமல் இருந்தன. இரு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து ரொட்டியைப் பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. பிட்காமல் எழுந்துவிட்டால் எல்லாம் அதோடு சரி.

நிகோரா அந்த ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெர்சோத் நிறைந்த கோப்பையைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டான். வேறொரு கோப்பையில் இரண்டு மிடறு மட்டும் ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, பெரியவரிடம் நீட்டினான்.

"அது எனக்கு ஊத்தினது ஐயா. என்னைத்தான் போகச் சொல்லுது. ஆனா நான் போறதா இல்லை."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"வாசல்ல ஹலால்னு எழுதியிருக்கு. ஆட்டை அறுத்தது யாரு?"

"எங்க முதலாளியோட மாமனார். தொழுதுட்டுத்தான் கத்தியைத் தொடுவார். கூப்பிடட்டுமா ஐயா?"

"வேண்டாம். பலோவ் சோறு கொண்டு வா."

முனவ்வருக்கு மூச்சு வந்தது. சோறு சொல்லிவிட்டார்!

பெரியவர் ஷெர்சோத்திடம் திரும்பினார். "வாய் நல்லா இருக்கு. தொழுகை எப்படி?"

"வெள்ளிக்கிழமை தவறாது."

"மத்த ஆறு நாள்?"

"முயற்சி பண்றேன்."

"பொய் சொல்லத் தெரியலை. அதுவாவது இருக்கே. குடி?"

"தேநீர்தான். அதையும் தப்பா ஊத்தறேன்."

நிகோரா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் அவளை முறைத்துவிட்டு முனவ்வரிடம் சொன்னார்: "ஊர்ல, நமங்கான்ல, எங்க தெருவே என்ன பேசுது தெரியுமாம்மா? 'நார்மத்துக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, ஏழு தலைமுறைப் பேரையும் கெடுக்கப் போறான்'னு பேசுது. என் கூடப்பிறந்த தம்பியே வாசப்படி மிதிக்கிறதில்லை."

"தெரியும் ஐயா. அதனாலதான் நீங்க வருவீங்கன்னே நான் நம்பலை."

"எங்க குடும்ப மானத்துக்கு நான்தான் காவல். தெரு இல்லை." கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டிவிட்டு ஷெர்சோத் பக்கம் திரும்பினார். "தம்பி, இவ கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்னா, அடுத்த விமானத்துல வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். என் வீட்டுல இவளுக்கு ஓர் அறை எப்பவும் இருக்கும்."

"அப்பா..." நிகோராவின் குரல் உடைந்தது.

"இப்ப அழாதே. பழி பையன் மேல விழும்."

பெரியவர் ஒரு ரொட்டியை எடுத்தார். மறுபக்கத்தை முனவ்வர் பிடித்துக்கொண்டாள். "பிஸ்மில்லாஹ்" என்றார். ரொட்டி இரண்டானது. ஷெர்சோத் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு "ஆமீன்" என்று சத்தமாகச் சொன்னதில் பக்கத்து மேசைக்காரர்களும் "ஆமீன்" என்றார்கள்.

பலோவ் தட்டோடு வந்த பெண்ணின் முகம் மலர்ந்தது. "முபாரக்! மகளுக்கு நிச்சயமா ஐயா?"

"ஆமாம், மகளுக்குத்தான்" என்றார் பெரியவர், முதுகை இன்னும் நிமிர்த்தி. "என் மகன் மௌத்தாகி மண்ணுக்குள்ள போனதுல இருந்து இவ எனக்கு மகள். அதுக்கு முன்னால மருமகள்."