ஜூனியர்

"வேலைக்குச் சேர்ந்தாச்சு சார். வேலைதான் ஒண்ணும் தெரியல" என்றாள் அந்த அம்மாள்.

கம்ப்யூட்டர் பயிற்சி மைய ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. சுற்றி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவள் பிள்ளைகள் வயதுக்காரர்கள்.

"முதல் தடவையா கத்துக்கிறீங்க. பைத்தான் எடுத்துக்குங்கம்மா. ஆரம்பிக்கிறவங்களுக்கு அதான் சுலபம்."

"கோபோல்தான் வேணும் சார்."

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது அந்தக் காலத்து பேங்க் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதின பாஷைம்மா. எடுத்த எடுப்புல அதை யாராவது தலையில கட்டிக்குவாங்களா?"

"எங்க மேனேஜர் அதுலதான் கேக்கறார்."

"உங்களை எப்படி எடுத்தார்?"

"ஒருநாள் காலையில 'புதுசா வந்த ஜூனியரா?'ன்னு கேட்டார். ஆமான்னுட்டேன்."

ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நல்ல ஆபீஸ், நல்ல மேனேஜர்.

"தெரியலைன்னா திட்டுவாரா?"

"திட்டினாப் பரவாயில்லையே. 'ஒண்ணும் தெரியாதவங்களை எதுக்கு அனுப்பறாங்க, வெளியே போ'ன்னு கதவைச் சாத்திடறார். அப்புறம் நான் எது கொண்டுபோய்க் கொடுத்தாலும் தொடமாட்டார்."

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுகையை அடக்கத் தெரியாமல் அடக்கினாள். பக்கத்து மேஜைப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சம்பளமாவது ஒழுங்காக் கொடுக்கறாரா?"

"சம்பளமெல்லாம் இல்ல சார்."

ஆசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓசியில் வேலையும் வாங்கிக்கொண்டு, இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையை விரட்டவும் செய்கிறவன் என்ன மனுஷன்?

"அப்படிப்பட்ட ஆள்கிட்ட எதுக்கும்மா மாரடிக்கிறீங்க? நாளைக்கே நின்னுடுங்க."

"ஒரு கேள்விக்குச் சரியாப் பதில் சொன்னாப் போதும் சார். பக்கத்துல உட்காரச் சொல்வார். நேத்து சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆசிரியருக்கு என்னவோ போல் இருந்தது.

"இதையெல்லாம் உங்க வீட்டுக்காரர் கேக்க மாட்டாராம்மா?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர்தான் சார் மேனேஜர். பேங்க்ல ரிட்டையரானதும், நான் பொண்டாட்டிங்கிறதும் அவருக்கு மறந்துபோச்சு."