நல்லையாவின் எச்சம்

"இன்னொரு தடவ வாசிம்மா. எம் மக தப்பா வாசிச்சிருப்பா."

இரத்தினபுரியில், அந்தக் கார்கோ நிறுவனத்தின் வாசல் பெஞ்சில் மருதாயி உட்கார்ந்திருந்தாள். தெரணியகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். கதவு இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த இளம்பெண்ணிடம் கடிதத்தை நீட்டினாள். சுதர்சினி என்று பேர் சொன்னாள் அவள்.

"'உங்கள் கணவர் நல்லையாவின் எச்சம் எமக்குக் கிடைத்துள்ளது. அடையாள அட்டையுடன் வந்து பெற்றுக்கொள்ளவும்.'"

வாசித்து முடிப்பதற்குள் சுதர்சினியின் முகம் வெளிறிவிட்டது.

"கட்டார்ல வேல செய்றாரு. நாலு நாளா போனே போகல. செத்த உசிரோட எலும்பத்தான் எச்சம்னு சொல்லுவாங்களாம். மக விஞ்ஞானப் பொஸ்தகத்துல இருக்கு. பொணமும் கார்கோவுலதான் வருமாமே?"

"ஐயோ, அது மட்டும் இல்லக்கா. எஞ்சி நிக்கிறது எல்லாமே எச்சந்தான். இலக்கணத்துலயும் இருக்கு. 'வந்த'ன்னு மட்டும் சொன்னா, வந்த யாருன்னு கேப்போம்ல? முடியாம நிக்கிறதால அது பெயரெச்சம். அதுல சாவே இல்லக்கா."

"எலக்கணமா கடுதாசி போட்டுச்சு? ஆபீஸ்காரன்ல போட்டிருக்கான்!"

முதலாளி வந்து கதவைத் திறந்ததும், சுதர்சினி அவருக்குப் பின்னாலேயே உள்ளே ஓடினாள். சிங்களத்தில் அவள் படபடவென்று கேட்பது வெளியே கேட்டது. மருதாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பெட்டிக்கா!" கத்திக்கொண்டே திரும்பி வந்தாள் சுதர்சினி. "அவரு ரெண்டு பெட்டி அனுப்பினாராம். ஒண்ணு போன மாசமே ஒங்களுக்கு வந்திருச்சு. மிச்சம் ஒண்ணுதான் இது. நேத்து அவரே கூட்டாளி போன்லருந்து இங்க பேசியிருக்காரு. அவரு போன் ஒடஞ்சிருச்சாம். ஒங்க நம்பர் மனப்பாடம் இல்லையாம், ரசீதுல இருந்த நம்பருக்கு எடுத்திருக்காரு."

மருதாயி ஓவென்று அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தி, பொண்டாட்டி நம்பர் தெரியல பாரு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுதர்சினியின் கையைப் பிடித்தாள். "நீ நல்லாயிருக்கணும். இத எழுதினவன் மட்டும் எங் கையில கெடச்சான்... ஆமா, ஒஞ் சோலிய வுட்டுட்டு எனக்காக அலஞ்சியே, நீ எதுக்கும்மா இங்க வந்த?"

சுதர்சினி தலை குனிந்தாள்.

"இங்கதான்க்கா வேல செய்றேன். தமிழ்க் கடிதமெல்லாம் நான்தான் எழுதுறது. 'மிச்சம்'னு போட்டா பேச்சுத் தமிழா இருக்குமேன்னு..."